புலி எந்தப் பக்கம் வரும்? காற்றை வைத்தே கணக்குப் போட்ட ஜிம் கார்பெட்

பாடாலூர்க்காரர்களுக்குப் புள்ளிமான் புதிதல்ல. பெரம்பலூர் மாவட்டக் காப்புக்காடுகளில் இருக்கின்றன. சத்தமே போடாமல் கிட்டே போனாலும் சட்டென்று ஓடிவிடும். காரணம், பெரும்பாலும் நம்ம உடம்பு வாடைதான். மான் ஓடினால் நஷ்டமில்லை. எதிரில் ஆட்கொல்லிப் புலி என்றால்?

அந்தக் கேள்வியோடு காட்டுக்குள் போனவர் ஜிம் கார்பெட்.

யார் இவர்?

1875-ல் நைனிதாலில் பிறந்தவர். அப்பா அங்கே போஸ்ட்மாஸ்டர். 1907-ல் 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட சம்பாவத் பெண்புலியையும், 1926-ல் 125 பேரைக் கொன்ற ருத்ரப்பிரயாக் சிறுத்தையையும் சுட்டு வீழ்த்தியவர்.

காற்றில் என்ன இருக்கிறது?

இரை தன் வாடையைப் பிடிக்காத பக்கமாகத்தான் புலி வரும். மனிதனுக்கு மோப்ப சக்தி குறைவு என்பது அதற்குத் தெரியாது. அதனால் மனிதனையும் மானைப் போலவே வேட்டையாடும். இதுதான் கார்பெட்டின் கணக்கு. முகத்தில் காற்று அடித்தால், ஆபத்து முதுகுக்குப் பின்னால். அப்போது அவர் நேராக நடக்க மாட்டார். குறுக்கும் நெடுக்குமாக நடந்து, ஆபத்தை இடப்பக்கமும் வலப்பக்கமுமாக மாற்றிக்கொள்வார்.

இத்தனை கவனம் இருந்தும், 1930-ல் சௌகர் பெண்புலி சில அடி தூரத்தில், அவருக்குப் பின்பக்கம் படுத்திருந்தது. இடது கையில் பறவை முட்டைகள். ஒரே கையால் துப்பாக்கியை மெல்லத் திருப்பிச் சுட்டுத்தான் தப்பினார்.

சரி, டிரஸ்ஸுக்கு என்ன சம்பந்தம்?

கார்பெட் ரப்பர் அடிப்பாகம் வைத்த ஷூ போட்டது சத்தம் வராமல் இருக்க. வாடைக்கு அவர் நம்பியது காற்றைத்தான். ஆனால் துணியும் நம்மைக் காட்டிக்கொடுக்கும். 2007-ல் கென்யாவின் அம்போசெலியில் ஒரு சோதனை நடந்தது. ஈட்டியால் யானையைக் குத்தும் வழக்கமுள்ள மாசாய் இனத்தவர் 5 நாள் உடுத்திய துணியை யானைகள் மோந்தன. விவசாயம் செய்யும் கம்பா இனத்தவரின் துணியை மோந்தபோது ஓடியதைவிட வேகமாகவும் தூரமாகவும் ஓடின.

அதனால்தான் வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் வாசனை இல்லாத சோப்பில் துவைத்து, வெட்டவெளியில் காயவைத்து, சமையல் புகையும் பெட்ரோல் வாடையும் படாமல் துணியை மூடி வைக்கிறார்கள். காட்டுக்குப் போன பிறகுதான் மாற்றுகிறார்கள். இருந்தாலும் வேர்வையும் மூச்சும் நிற்காது. வாடையைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது.

இன்று இது யாருக்கு?

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டை குற்றம். கார்பெட்டே பிற்காலத்தில் சினி கேமராவில் புலிகளைப் படம் பிடித்தார். 1955-ல் கென்யாவில் இறந்தார். 1936-ல் தொடங்கிய இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா இன்று அவர் பெயரில் இருக்கிறது.

அனுமதியுள்ள இடத்துக்குக் கேமராவோடு போகிறீர்களா? சென்ட், வாசனைப் பவுடர் வேண்டாம். ஒரு சிட்டிகை மண்ணைத் தூவிக் காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். காற்று முகத்தில் படுகிற மாதிரி நின்றால் மான் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கும்.