மொண்டிசோரி என்றொரு அம்மையார்

யட்டவத்தப் பக்கத்தில் காலை எட்டு மணிக்கு ஒரு தாயிடம் பிள்ளை எங்கே என்று கேட்டால், மொண்டிசோரிக்குப் போய்விட்டது என்பார். மாத்தளை நகரிலும் அப்படித்தான், கொழும்பிலும் அப்படித்தான். பெயர்ப்பலகையில் நேர்சரி, பாலர் பாடசாலை, முன்பள்ளி என்று எது எழுதியிருந்தாலும் வாயில் வருவது மொண்டிசோரி. சிங்கள அயலவரும் அப்படியே சொல்கிறார்கள். அது ஒரு பெண்ணின் குடும்பப் பெயர் என்பது நம்மில் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. நூற்றாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கம் கேட்டபோது, இங்கே சிறு பிள்ளைகளோடு காலம் கழிக்கும் எனக்கு அந்த அம்மையாரின் வரலாற்றையே எழுதத் தோன்றியது.

மரியா மொண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அரசாங்க உத்தியோகத்தர். தாய் வாசிப்பில் பிரியமுள்ளவர். ஒரே மகள் ஆசிரியையாக வந்தால் நல்லது என்று பெற்றோர் நினைத்தார்கள். மகளோ அது ஒன்றைத் தவிர வேறு எதற்கும் சம்மதம் என்று நின்றார். முதலில் பொறியியல் படிக்க எண்ணி, பின்னர் வைத்தியத்துக்கு மாறினார். ஆண்களோடு நின்று ஒரு பெண் சடலத்தை அறுத்துப் படிப்பது தகாது என்று கருதப்பட்ட காலம் அது. ஆகவே மற்ற மாணவர்கள் போன பிறகு, மாலை வேளையில் தனியாக நின்று அந்தப் பாடத்தைச் செய்தார். 1896இல் உரோம் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, இத்தாலியின் முதற் பெண் வைத்தியர்களுள் ஒருவரானார்.

வைத்தியராக மனநோயாளர் விடுதிகளுக்குப் போய் வந்தபோதுதான் பிள்ளைகள் அவர் வாழ்க்கைக்குள் வந்தார்கள். மூளை வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் வெறும் அறை ஒன்றில் அடைக்கப்பட்டிருந்தனர். சாப்பாடு முடிந்ததும் அவர்கள் தரையில் தவழ்ந்து பாண் துணிக்கைகளைப் பொறுக்கினார்கள். அதைக் கண்டு அருவருத்த பணிப்பெண்ணுக்குத் தெரிந்தது பேராசை. மொண்டிசோரிக்கோ, அந்த அறையில் கையால் தொட்டுப் பார்க்க வேறு ஒரு பொருளும் இல்லை என்பது தெரிந்தது. முன்னர் பிரான்சில் இத்தகைய பிள்ளைகளோடு பாடுபட்ட இத்தார், செகுவேன் என்ற இரு வைத்தியர்களின் நூல்களைத் தேடிப் படித்தார். அவர் பயிற்றிய பிள்ளைகள் சிலர் சாதாரணப் பிள்ளைகளுக்கான பரீட்சையிலேயே சித்தியடைந்தார்கள். எல்லோரும் புகழ்ந்தார்கள். அவருக்கோ கவலை பிடித்தது. சுகதேகியான பிள்ளைகள் இதே அளவில்தான் நிற்கிறார்கள் என்றால், நம்முடைய பாடசாலைகளில் என்ன குறை?

இந்தக் காலத்திலேயே அவருடைய சொந்த வாழ்வின் பெரிய துயரமும் நடந்தது. உடன் பணியாற்றிய வைத்தியர் ஒருவருக்கும் அவருக்கும் 1898இல் மரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நடக்கவில்லை. அந்நாளைய சமூகம் பொறுத்திராது என்பதால் குழந்தை கிராமத்துக் குடும்பம் ஒன்றில் வளர்ந்தது. தாய் போய்ப் பார்த்து வருவார். யார் பிள்ளை என்று ஊரறியச் சொல்ல முடியவில்லை. மகன் அவரோடு வந்து சேர்ந்தபோது அவனுக்கு ஏறத்தாழப் பதினைந்து வயது. பிறர் பிள்ளைகளை அவர் அவ்வளவு உற்றுப் பார்த்ததற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி உரோம் நகரின் சன் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் அவருடைய முதலாவது சிறுவர் இல்லம் திறக்கப்பட்டது. தாயும் தகப்பனும் விடியலில் வேலைக்குப் போய்விட, சிறுசுகள் படிக்கட்டுகளில் ஓடிச் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கின. கட்டடங்களைத் திருத்திய நிறுவனம் சுவரைக் காப்பாற்றுவதற்காகவே பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்து வைக்க விரும்பி அவரை அழைத்தது. நம் தோட்டங்களின் கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தாய்மார் கொழுந்துக்குப் போக, கைக்குழந்தைகளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுச் செல்வார்கள். அங்கேயும் முதல் நோக்கம் பிள்ளைகளைப் படிப்பிப்பதல்ல, தாய் வேலைக்குப் போவதுதான். அப்படியான ஓர் அறையை மொண்டிசோரி என்ன செய்தார் என்பதே அவர் வரலாற்றின் மையம்.

அவர் முதலில் செய்தது சும்மா இருந்து பார்த்ததுதான். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, குமிழ் வைத்த மர உருளைகளை அதனதன் குழியில் இடுவதும் எடுப்பதுமாக இருந்தாள். சுற்றி மற்றவர்களைப் பாட வைத்தும், அவளைக் கதிரையோடு தூக்கி வைத்தும் அவள் நிறுத்தவில்லை. நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டுத் தானாக நிறுத்தி, தூங்கி எழுந்தவள் போல் முகம் மலர்ந்தாள். இன்னொரு நாள் பொருட்கள் வைத்த அலுமாரியைப் பூட்ட ஆசிரியை மறந்துவிட்டார். பிள்ளைகள் தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்து வேலையில் இறங்கிவிட்டனர். அது களவு என்று ஆசிரியை நினைத்தார். மொண்டிசோரியோ அன்றிலிருந்து அலுமாரிக்குப் பதிலாகப் பிள்ளையின் கைக்கு எட்டும் தட்டுகளை வைத்தார். நல்ல விளையாட்டுப் பொம்மைகளும் அங்கே இருந்தன. பிள்ளைகள் அவற்றை நாடவில்லை. நாம் விளையாட்டு என்று சொல்வதை அதனால்தான் அவர் வேலை என்று சொன்னார்.

மூக்குச் சிந்தும் பாடம் எனக்கு மிகவும் பிடித்தது. கைக்குட்டையால் சத்தமில்லாமல் எப்படி மூக்கைத் துடைப்பது என்று ஒரு நாள் செய்து காட்டினார். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். அவர்களோ கை தட்டினார்கள். மூக்கு ஒழுகுவதற்காக எல்லோரும் ஏசியிருந்தார்கள், துடைக்க ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பனி விழும் காலைகளில் நம் பக்கத்துப் பிள்ளைகளைப் பார்க்கும்போது இந்தச் சம்பவம் ஞாபகத்துக்கு வரும்.

அந்த அறையில் பிள்ளை கற்றது என்ன? சிந்தாமல் தண்ணீர் ஊற்ற, தெறி போட, மேசை துடைக்க, எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க, இன்னொரு பிள்ளை முடிக்கும்வரை காத்திருக்கக் கற்றது. பத்து மரக்கட்டைகளைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கும்போது அளவு கண்ணுக்கும் கைக்கும் தெரிந்தது. உருளையின் குமிழை மூன்று விரலால் பிடித்த கை, பென்சில் பிடிக்கும் முன்பே பென்சிலுக்குத் தயாரானது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார் வந்து எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்படி கேட்டபோது, சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவவும், அதன் ஒலியைச் சொல்லவும் வைத்தார். சில மாதங்களில் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள் சோக்கட்டியால் தரையெங்கும் சொற்களை எழுதினார்கள். எழுத்து அங்கே கடைசியில் வந்தது, அதனால் சுலபமாக வந்தது.

1909இல் தன் முறையை நூலாக எழுதினார். பல மொழிகளில் அது வெளிவந்தது, பல நாடுகளில் பள்ளிகள் திறக்கப்பட்டன. இத்தாலியில் முசோலினியின் அரசு முதலில் ஆதரவு தந்தது, அவரும் அதை ஏற்றார். ஆனால் சொன்னபடி நடக்கும் பிள்ளைகளை வேண்டிய ஆட்சிக்கும் தானாகத் தெரிவு செய்யும் பிள்ளைகளை வளர்த்தவருக்கும் நெடுநாள் ஒத்துப்போகாது. 1934இல் அவர் பள்ளிகள் மூடப்பட்டன, அவர் நாட்டை விட்டார். ஸ்பெயினில் இருந்தபோது 1936இல் உள்நாட்டுப் போர் வந்தது. அங்கிருந்து நெதர்லாந்துக்குப் போனார்.

1939இல் அடையாறு பிரம்மஞான சபையின் ஜோர்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதியரின் அழைப்பில் மகனோடு சென்னை வந்தார். வயது 69. ஓலைக் கொட்டகைகளில் முந்நூறு பேரளவில் பயிற்சிக்குக் கூடினார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொன்னார். சில மாதங்களில் திரும்புவதாக இருந்தது. 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் பகை நாட்டவர் ஆனார்கள். மரியோ தடுப்பு முகாமுக்குப் போக, தாய் அடையாறு வளவை விட்டு வெளியேற முடியாதிருந்தார். ஆகஸ்ட் 31ஆம் திகதி, எழுபதாவது பிறந்த நாளன்று, அரசப் பிரதிநிதி மகனை விடுவித்துத் தாயிடம் அனுப்பினார். நெடுங்காலம் ஊருக்கு மறைத்த உறவு அந்நிய மண்ணில் ஊரறிய உறுதியானது.

பின்னர் 1942 முதல் கொடைக்கானலில் தங்கி, வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் செடி கொடிகளிடையே ஒன்றாகக் கற்கும் பள்ளியை நடத்தினார். இலங்கையரான லேனா விக்கிரமரத்ன அங்கே அவரோடு பணியாற்றியவர். பிற்காலத்தில் அமெரிக்காவிலும் ஆசிரியைகளைப் பயிற்றினார். 1944இல் மொண்டிசோரி இலங்கைக்கும் வந்து பயிற்சி நடத்தினார். 1946இல் ஐரோப்பா திரும்பியும் மறுபடி இந்தியா வந்தார். 1952ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி நெதர்லாந்தில் கடலோர ஊர் ஒன்றில் காலமானார்.

பெயர் நம்மிடம் தங்கிவிட்டது. ஆனால் இன்று மொண்டிசோரி என்ற பெயரில் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கோடிட்ட கொப்பியும் வீட்டு வேலையும் கொடுக்கிறோம். தரம் ஒன்றுக்குப் போகுமுன் பிள்ளை எத்தனை எழுத்து எழுதும் என்று தாய்மார் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தாங்கள் படிக்காத படிப்பைப் பிள்ளை படிக்க வேண்டும் என்ற தவிப்பு அது. சன் லொரென்சோவின் தாய்மாரும் அதையேதான் கேட்டார்கள். மொண்டிசோரி அவர்களுக்கு மறுப்புச் சொல்லவில்லை, அவசரப்படவும் இல்லை. சிரட்டையில் தண்ணீர் ஊற்றும் கைதான் எழுதப் போகிற கை என்பதை ஒரு தாய் தன் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், அவரே மற்றத் தாய்மாருக்குச் சொல்லுவார்.

எங்கெங்கோ வாழும் சகோதரிகள் ஊருக்கு வரும்போது முன்பள்ளிகளுக்கு அன்போடு கொப்பி, பென்சில் வாங்கித் தருகிறீர்கள். அடுத்த முறை சிறிய குவளைகள் ஆறு, துடைக்கும் துணிகள், பிள்ளையின் உயரத்துக்கு ஒரு மரத்தட்டு வாங்கித் தாருங்கள். கொடுத்துவிட்டு உடனே புறப்படாமல், ஒரு மூலையில் அரை மணி நேரம் பேசாமல் இருந்து பிள்ளைகளைப் பாருங்கள். அந்த அம்மையார் தொடங்கியதும் அப்படித்தான்.