மொழிவழியே பண்பாடு கண்ட அல்பிரூனி

ஒரு மக்களின் பண்பாட்டை அறிய விழைவோர் முதற்கண் அவர்தம் மொழியைக் கற்றல் வேண்டும் என்பது மொழிசார் மானிடவியலின் அடிப்படை. அத்துறை பெயர் பெறுவதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே அந்நெறியில் நடந்து காட்டியவர் அறிஞர் அல்பிரூனி.

கி.பி. 973-இல், இன்றைய உஸ்பெகிஸ்தானைச் சார்ந்த குவாரிஸ்ம் பகுதியில் பிறந்த அவர், கணிதத்திலும் வானியலிலும் துறைபோயவர். 1017-இல் சுல்தான் மஹ்மூது அந்நாட்டை வென்றபின் கஜினிக்குக் கொண்டு செல்லப்பட்டார். சுல்தானின் படையெடுப்புகளால் இந்திய மக்கள் அயலாரை வெறுத்து ஒதுங்கிய காலம் அது. அக்காலத்தில், நாற்பது வயதைக் கடந்த நிலையில், அவர் வடமொழி பயின்றார். ஒரு பொருளுக்குப் பல பெயர்கள், ஒரு சொல்லுக்குப் பல பொருள்கள், அரபு எழுத்தில் அடங்காத ஒலிகள், ஏடெழுதுவோரின் கவனக்குறைவு ஆகிய இடர்கள் அனைத்தையும் எதிர்கொண்டார்.

பதஞ்சலியின் யோக நூலை அரபியில் தந்தார். யூக்ளிடின் வடிவக்கணிதத்தை வடமொழிக்குக் கொணரவும் முயன்றார். 1030-ஐ ஒட்டி இந்தியா பற்றிய பெருநூலை அரபியில் இயற்றினார். அதில் இந்துக்களின் கொள்கைகளை அவர்கள் கொண்டவாறே எடுத்துரைத்து, கிரேக்கர் கருத்துகளுடன் ஒப்பிட்டார். குறை கண்டவிடத்துக் கடிந்துரைத்ததும் உண்டு. ஆயினும் வாதிட்டு வெல்வதை அந்நூலின் நோக்கமாகக் கொண்டாரில்லை.

1048-ஐ ஒட்டிக் கஜினியில் அவர் மறைந்தார். பிறர் நம்பிக்கையை ஏற்பது வேறு, அதனைப் பிழையின்றி அறிவது வேறு என்பதே அவர் வாழ்வு உணர்த்தும் பாடம். அயலாரைப் பற்றித் தீர்ப்புரைக்குமுன் அவர்தம் மொழியில் அவர்கள் கூறுவதைச் செவிமடுக்க நாமும் பழகுவோமாக.