நிலைபேற்றுக்குக் கணக்கெழுதியவர்: ஜே. சி. குமரப்பா

பொருளாதாரம் பயிலும் மாணவன் என்ற முறையில் வகுப்பறையில் நான் அடிக்கடி கேட்கும் தொடர் ஒன்று உண்டு. நிலைத்த வளர்ச்சி இலக்குகள் என்பதே அது. 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் அவையில் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட இலக்குகள் 17. அவற்றின் கிளைகள் 169. நிறைவேற வேண்டிய ஆண்டு 2030. வறுமை ஒழிய வேண்டும், பசி நீங்க வேண்டும், இயற்கையின் செல்வம் நமக்குப் பின் வருவோர்க்கும் எஞ்ச வேண்டும் என்பன அவற்றின் சாரம். இந்த எண்ணத்தின் வரலாற்றை 1972-இல் நடந்த ஸ்டாக்ஹோம் மாநாட்டிலிருந்தோ, 1987-இல் வெளிவந்த புருண்ட்லாந்து அறிக்கையிலிருந்தோ தொடங்குவது வழக்கம். நான் அதனை ஜபல்பூர்ச் சிறையிலிருந்து தொடங்க விரும்புகிறேன். 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தை அடுத்துச் சிறைப்பட்ட ஒருவர், அங்கே இருந்தபடி நிலைபெறும் பொருளாதாரத்தைப் பற்றி ஓர் ஆங்கில நூல் எழுதினார். அவர் தஞ்சையில் பிறந்த தமிழர்.

ஜோசப் செல்லத்துரை கொர்னீலியஸ் 1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் வசதியுள்ள கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். இலண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்று, பம்பாயில் சொந்தமாகத் தணிக்கை நிறுவனம் நடத்தினார். மேனாட்டு உடையும் பழக்கமும் அவருக்கு இயல்பாயிருந்தன. பின்னர் அமெரிக்கா சென்று, சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகமும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசாங்க நிதியியலும் பயின்றார். அங்கே அவர் வாழ்வு திரும்பியது. இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கில அரசின் வரிக்கொள்கைக்கும் உள்ள தொடர்பை ஆராயப் புகுந்தார். புள்ளிகளைக் கூட்டக் கூட்டச் சுரண்டலின் உருவம் தெளிவாயிற்று. ஆட்சியை எதிர்க்க அவரைத் தூண்டியது மேடைப்பேச்சு அன்று, அவருடைய கணக்கே.

1929-ஆம் ஆண்டு மே மாதம், அந்த ஆராய்ச்சியை வெளியிடும் நோக்குடன் சபர்மதி ஆசிரமம் சென்றார். மரத்தடியில் ஒரு முதியவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். அவரே காந்தியடிகள் என்று அறிந்ததும், பட்டுக் கால்சட்டை கசங்குவதையும் பாராது தரையில் அமர்ந்தார் இந்தப் பம்பாய்க் கணக்காயர். கட்டுரை 'யங் இந்தியா' இதழில் தொடராக வந்தது. அதே காலத்தில் தம் மூதாதையர் பெயரான குமரப்பா என்பதையும் அவர் ஏற்றுக்கொண்டார்.

காந்தியடிகள் அவருக்கு இட்ட முதற்பணி, குஜராத்தின் கேடா மாவட்டத்து மாதர் வட்டத்தில் கிராமப் பொருளாதார ஆய்வு நடத்துவது. குஜராத் வித்யாபீடத்து மாணவர்களுடன் ஊர் ஊராகச் சென்று, உழவனின் வரவையும் செலவையும் கடனையும் எழுதினார். வறுமையைத் தலைநகரத்து மேசையிலிருந்து பார்ப்பது வேறு, உழவனின் வாசலில் நின்று எண்ணுவது வேறு என்பதை அந்த ஆய்வு காட்டிற்று. 1931-இல் இந்தியாவின் பொதுக்கடனில் எவ்வளவு இங்கிலாந்து ஏற்க வேண்டியது என்று ஆராயக் காங்கிரஸ் அமைத்த குழுவையும் கூட்டியவர் அவரே. 1934-இல் பீகார் நிலநடுக்க நிவாரணத்தின் கணக்கு அவர் கையில் இருந்தது. காந்தியடிகளுடன் வந்தோரின் செலவைக்கூட அந்த நிதியிலிருந்து கொடுக்க மறுத்தார் என்று சொல்வதுண்டு.

அவ்வாண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கம் வார்தாவில் தோன்றியது. குமரப்பா அதன் செயலாளரானார். கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம், கைக்காகிதம், தேனீ வளர்ப்பு என்று ஒவ்வொன்றையும் ஆராய்ந்தார். மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் அங்கே உருவானது. இவை பழமைப் பற்றால் எழுந்தவை அல்ல. எந்தப் பொருள் எத்தனை பேருக்கு வேலை தருகிறது, அதன் பயன் யாரிடம் சேர்கிறது என்ற கேள்வியால் எழுந்தவை.

இனி அவருடைய நூலின் கருத்துக்கு வருகிறேன். இயற்கைச் செல்வம் இருவகைப்படும் என்றார். நிலக்கரி, எண்ணெய், கனிமம் போன்றவை தேக்கி வைத்த நீர் போன்றவை. எடுக்க எடுக்கக் குறையும். காட்டு மரமும் ஆற்றுநீரும் ஓடிவரும் ஊற்றுப் போன்றவை. அளவறிந்து எடுத்தால் வற்றா. முதல்வகையை நம்பி எழும் நாகரிகம் சண்டைக்கு இட்டுச் செல்லும். ஏனெனில் குறையும் பொருளுக்குப் போட்டி உண்டு. இரண்டாம் வகையைச் சார்ந்த வாழ்வே நிலைபெறும். ஒரு கணக்காயரின் கண்ணால் பாருங்கள். விதைநெல்லைத் தின்றுவிட்டு அதனை விளைச்சல் என்று எழுதுபவனின் ஏட்டை எந்தத் தணிக்கையாளர் ஒப்புவார்? நாடுகளோ சுரங்கத்தைத் தோண்டி விற்றதை எல்லாம் வருமானம் என்றே எழுதிவந்தன. இயற்கைச் செல்வத்தையும் அதன் தேய்வையும் கணக்கில் காட்டும் முறை, ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையத்தால் அனைத்துலக நெறியாக ஏற்கப்பட்டது 2012-இல்தான்.

வாழ்நாளில் அவர் பெரும்பாலும் தனித்தே நின்றார். நேருவின் தலைமையில் 1938-இல் அமைந்த தேசியத் திட்டக்குழுவில் சேர்ந்து, கருத்து வேறுபாட்டால் விலகினார். விடுதலைக்குப் பின் காங்கிரசின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி, இடைத்தரகர் நீங்கி உழுபவனுக்கே நிலம் சேர வேண்டுமென 1949-இல் அறிக்கை தந்தார். நாடு கண்ட திட்டங்களோ பேரணைகளையும் பெரும் ஆலைகளையும் நோக்கிச் சென்றன. இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில், காந்தி நிகேதனத்தில் கழித்தார். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில் மறைந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் ஷூமாக்கர் என்னும் பொருளியலறிஞர், பௌத்தப் பொருளாதாரம் பற்றிய தம் கட்டுரையில் குமரப்பாவின் கருத்தை எடுத்தாண்டபோது மேல்நாடு அவர் பெயரைக் கேட்டது.

அவர் சொன்ன அனைத்தும் இன்று அப்படியே பொருந்தும் என்று நான் வாதாட வரவில்லை. செக்கும் இராட்டையும் மட்டும் 140 கோடி மக்களைத் தாங்கா. மின்சாரமும் மருந்தும் பெருந்தொழிலின்றிக் கிட்டா. அவர் காலத்துத் திட்டக்காரர்களுக்கும் பஞ்சத்தையும் பிணியையும் விரைந்து தீர்க்கும் கடமை இருந்தது. ஆனால் அவர் விடையை ஒதுக்கியவர்கள் அவர் எழுப்பிய வினாவையும் ஒதுக்கினார்கள்; அதுவே குறை. எவ்வளவு வளர்ந்தோம் என்று கேட்ட உலகம், எதைச் செலவழித்து வளர்ந்தோம் என்று கேட்க நெடுங்காலம் ஆயிற்று.

தமிழ் நண்பர்களே! நம்மில் சிலர் நாளை அரசுத் துறைகளிலும் வங்கிகளிலும் அனைத்துலக அமைப்புகளிலும் அமர்வோம். இலக்குகளும் குறியீடுகளும் நிறைந்த அறிக்கைகளை எழுதுவோம். அப்போது ஒரு நிரலை மட்டும் விட்டுவிடாமல் சேர்ப்போமாக: இந்த வளர்ச்சிக்கு விலை கொடுப்பவர் யார், இன்னும் பிறவாதவரா? அந்த நிரலைச் சேர்ப்பதற்குக் கணக்கும் தெரிய வேண்டும், கிராமமும் தெரிய வேண்டும். கொலம்பியாவில் கற்றதை மாதர் வட்டத்துப் புழுதியில் நடந்து சோதித்த குமரப்பாவுக்கு இரண்டும் தெரிந்திருந்தன.