ஐதராபாத் பாக்கியரெட்டி வர்மா

சங்கங்கள் பல முதலாண்டு விழாவோடு முடிந்துபோவதை நாம் கண்டிருக்கிறோம். தலைவரைத் தொண்டர் நம்பாமையும், தொண்டரைத் தலைவர் நம்பாமையுமே அதற்குப் பெரும்பாலும் காரணம். ஆதலின், ஒரு சிறு சங்கத்தை முப்பதாண்டுப் பணியாக வளர்த்த பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

1888 மே 22இல் ஐதராபாத்தில் ஏழை மாலர் குடியில் பிறந்த மாதரி பாகையா என்பாரே பிற்காலத்தில் பாக்கியரெட்டி வர்மா எனப்பட்டார். இளமையில் சிக்கந்தராபாத்தில் வழக்கறிஞர் ஒருவர் இல்லத்தில் பணிபுரிந்துகொண்டே அறிவைப் பெருக்கிக்கொண்டார். 1906இல் ஜகன் மித்திர மண்டலியை நிறுவினார். நம் பண்டிதர் அயோத்திதாசர் சென்னையில் தம் இதழைத் தொடங்கியது அதற்கு மறு ஆண்டிலாம்.

எழுத்தறியா மக்களிடம் அவர் துண்டுத்தாளைக் கொண்டு செல்லவில்லை. ஹரிகதையையும் நாட்டுக் கதைகளையும் கொண்டு சென்றார். சேரிப் பெரியதனக்காரரைப் பழமைவாதிகளென்று ஒதுக்கினாரும் அல்லர். அவர்தம் பஞ்சாயத்துக்குப் புத்துயிரளித்து, வழக்குகளை அங்கேயே தீர்க்கச் செய்தார். ஒதுக்கியிருந்தால் பகைவராகியிருக்கக் கூடியவர் பலர், பொறுப்பேற்றமையால் துணைவராயினர். அவர் செய்தவற்றுள் மிக நுட்பமானது இதுவே என்பது நம் கருத்து.

1917இல் விஜயவாடாவில் பஞ்சமர் மாநாடு என அழைக்கப்பட்ட அவைக்கு அவர் தலைமை ஏற்றார். பிறர் சூட்டிய அப்பெயரை ஏற்க மறுத்தார். அவையோரும் இசைய, அது ஆதி ஆந்திரர் மாநாடாயிற்று. தாழ்த்தும் பெயரைச் சுமந்துகொண்டு ஒருவர் தலைநிமிர்ந்து தொண்டாற்றுதல் எங்ஙனம்?

1910இல் தொடங்கிய பள்ளிப் பணி, உருது அரசுமொழியாயிருந்த அந்நகரில் தெலுங்கிலேயே நடந்தது. நாளடைவில் 26 பள்ளிகளும் சுமார் 2,500 மாணவரும் ஆயினர். பின்னர் அவற்றை நிஜாம் அரசு ஏற்றுக்கொண்டது.

குறையும் உண்டு, அதை மறைத்தல் நேர்மையன்று. மாலருக்கும் மாதிகருக்கும் இடையே இருந்த பிளவை அவரால் முற்றும் அகற்ற இயலவில்லை. உடனுழைத்திருக்க வேண்டிய அரிகெ இராமசாமி முதலியோர் வேறு சங்கம் கண்டனர். பெரியதனக்காரரை அணைத்துச் சென்ற அதே வழி, சாதிக் கட்டுகளை விரைந்து அறுக்க விரும்பிய இளைஞருக்குத் தயக்கமாகத் தோன்றியிருக்கலாம்.

பகவான் புத்தரின் பிறந்தநாளை 1913இலேயே கொண்டாடியவர் அவர். 1937இலும் அவ்விழாவை நடத்தினார். 1939 பிப்ரவரி 18இல் மறைந்தபோது அவருக்கு வயது ஐம்பதே.