பாறையின் மொழி அறிந்தவர்: புருனோ பொன்டெகோர்வோ

நுழையும்முன்

ஆய்வில் எதிர்பாராத எண் ஒன்று தோன்றும்போது அதனைப் பிழையெனத் தள்ளிவிடுதல் எளிது. அந்த எண்ணுக்குக் காரணம் தேடிய இளைஞர் ஒருவர், கண்ணுக்குத் தெரியாத பாறையை அளக்கும் வழியைக் கண்டார். அவருடைய வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆரணி வட்டாரத்துத் திருமலையில், குன்றின் பாறையைச் செதுக்கி நேமிநாதரின் நெடிய திருவுருவை வடித்துள்ளனர். உளி படும்போது எழும் ஓசையைக் கொண்டே கல்லின் தன்மையை உணர வல்லவர் நம் சிற்பியர். ஆனால், நிலத்துக்கடியில் பல நூறு மீட்டர் ஆழத்தில் உள்ள பாறையைக் காணவும் இயலாது. தட்டிப் பார்க்கவும் இயலாது. அது மணற்கல்லா, சுண்ணாம்புக்கல்லா? எண்ணெயும் நீரும் தங்குவதற்கு அதில் நுண்துளைகள் உண்டா? இவ்வினாக்களுக்கு விடை காண நியூட்ரானைத் தூது அனுப்பியவர் புருனோ பொன்டெகோர்வோ.

இரண்டு மேசைகள்

இத்தாலியின் பீசா நகரை அடுத்த மரீனா தி பீசாவில், யூதக் குடும்பம் ஒன்றில் 1913 ஆகஸ்டு 22ஆம் நாள் அவர் பிறந்தார். ரோம் நகரில் என்ரிகோ ஃபெர்மியின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தபோது அக்குழுவில் அவரே இளையவர். அங்குத் தனிமங்களை நியூட்ரான்களால் தாக்கி ஆராய்ந்து வந்தனர். எந்தத் தனிமம் எவ்வளவு கதிரியக்கம் பெறுகிறது என்பதற்கு உரிய அளவுகோலை வகுக்கும் பணி, 1934இல் அமால்டியிடமும் பொன்டெகோர்வோவிடமும் ஒப்படைக்கப்பட்டது.

அளவுகோல் எளிதில் அமையவில்லை. பளிங்கு மேசைமீது வைத்துச் சோதித்த வெள்ளியைவிட, மரமேசைமீது வைத்துச் சோதித்த வெள்ளி மிகுந்த கதிரியக்கம் பெற்றது. பொருளும் ஒன்று, கருவியும் ஒன்று, மேசை மட்டுமே வேறு. இவ்வேறுபாட்டை அவர்கள் மறைக்கவில்லை, குழுவினர்முன் வைத்தனர். அவ்வாண்டு அக்டோபரில் ஃபெர்மி பாரஃபின் மெழுகைக் குறுக்கே வைத்துச் சோதித்துக் காரணத்தைக் கண்டறிந்தார். மரத்திலும் மெழுகிலும் ஹைட்ரஜன் மிகுதி. நியூட்ரானும் ஹைட்ரஜன் அணுக்கருவும் ஏறத்தாழ ஒரே நிறையுடையவை. ஒத்த அளவுள்ள கோலிக்குண்டின்மேல் நேராக மோதிய குண்டு தன் வேகத்தை இழந்து நின்றுவிடுவதுபோல, ஹைட்ரஜன்மீது மோதும் நியூட்ரானும் விரைவில் வேகம் தணிகிறது. அவ்வாறு மெதுவான நியூட்ரான்களை வெள்ளி எளிதில் கவர்ந்துகொள்கிறது.

மிதிவண்டியில் தொடங்கிய பயணம்

1936இல் பொன்டெகோர்வோ பாரிசுக்குச் சென்று ஜோலியோ-கியூரி இணையரின் ஆய்வகத்தில் பணியாற்றினார். 1938இல் இத்தாலியில் யூதர்க்கு எதிரான சட்டங்கள் வந்தன. தாயகம் திரும்பும் வழி அடைபட்டது. 1940 ஜூனில் ஹிட்லரின் படை பாரிசை நெருங்கியபோது, அவர் மிதிவண்டியில் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். மனைவியுடனும் சிறு மகனுடனும் லிஸ்பன் வழியாகக் கப்பலேறி அமெரிக்காவை அடைந்தார்.

ஓக்லஹோமா மாநிலத்துத் துல்சா நகரில், எண்ணெய்க் கிணறுகளை ஆராயும் நிறுவனமொன்றில் அவருக்குப் பணி கிடைத்தது. ரோம் நகரத்து மேசைகள் அங்கே துணைநின்றன. சூழ்ந்துள்ள பொருளுக்கேற்ப நியூட்ரானின் நடத்தை மாறுமெனில், அந்த மாற்றத்தைக் கொண்டே சூழ்ந்துள்ள பாறையை அறியலாம் அன்றோ? நியூட்ரான் மூலத்தையும் உணர்கருவியையும் ஒரு குழாயில் வைத்து ஆழ்துளைக்குள் இறக்கும் முறையை அவர் உருவாக்கி, 1941இல் வெளியிட்டார். பாறைத் துளைகளில் நீரோ எண்ணெயோ இருப்பின், அவற்றின் ஹைட்ரஜன் நியூட்ரான்களை அருகிலேயே தடுத்துவிடும்; உணர்கருவியின் எண்ணிக்கை குறையும். துளையற்ற பாறையில் எண்ணிக்கை கூடும். பிற்காலத்தில் இம்முறை மேலும் வளர்ந்தது. நியூட்ரானைக் கவர்ந்த அணுக்கரு வெளியிடும் காமா கதிரின் ஆற்றலைக் கொண்டு சிலிக்கன், கால்சியம், இரும்பு முதலிய தனிமங்களைப் பிரித்தறிந்து, பாறையின் கனிமங்களையும் கணிக்க முடிந்தது.

உரைகல்லின் நெறி

கருவி தருவது வெறும் எண்ணே. பொற்கொல்லர், மாற்று அறிந்த பொன்னை உரைகல்லில் உரைத்து, அதனருகே அறியாத பொன்னை உரைத்து ஒப்பிடுவார். அதுபோல, இயல்பு தெரிந்த பாறையில் கருவியைச் சோதித்த பின்னரே தெரியாத பாறையை அளக்க வேண்டும். இதுவே அளவுத்திருத்தம். இதற்கென 1959இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் சோதனைக் குழி ஒன்று அமைந்தது. அதில் 1.9, 19, 26 விழுக்காடு நுண்துளை கொண்ட மூவகைச் சுண்ணாம்புக்கற்கள் அடுக்கப்பட்டன. நீர் நிறைந்த 19 விழுக்காட்டுக் கல்லில் கருவி காட்டும் அளவே 1000 அலகுகள் என வரையறுக்கப்பட்டது. அத்துடன் அமையாது, களிமண் எச்சரிக்கையும் வேண்டும். களிமண்ணில் பிணைந்துள்ள நீரும் நியூட்ரானைத் தடுப்பதால், இறுகிய களிப்பாறையும் துளை மிகுந்ததுபோல் தோன்றும். எனவே, ஒரு கருவியின் சான்றைப் பிற கருவிகளின் சான்றோடு ஒப்பிட்டே முடிவுசெய்வர்.

இறுதிக்காலம்

பின்னர்க் கனடாவிலும் இங்கிலாந்திலும் பணியாற்றிய பொன்டெகோர்வோ, 1950இல் முன்னறிவிப்பின்றிக் குடும்பத்துடன் சோவியத் ஒன்றியம் சென்றார். அம்முடிவு பெரும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. துப்னா ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியபோது, நியூட்ரினோக்கள் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடும் என்னும் கருத்தை 1957இல் முன்வைத்தார். 1993 செப்டம்பர் 24ஆம் நாள் அவர் மறைந்தார். நியூட்ரினோக்கள் மாறுவதைச் சோதனையால் மெய்ப்பித்த அறிவியலாளர் இருவருக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தபோது அவர் உயிருடன் இல்லை.

இன்று எண்ணெய் தேடும் ஆழ்துளைகளில், நிலத்தடிப் பாறையின் செய்தியை நியூட்ரான் கருவிகள் மேலே கொண்டுவருகின்றன. அதன் தொடக்கம், இரண்டு மேசைகள் தந்த இருவேறு எண்களை இளைஞர் இருவர் உள்ளவாறே எழுதிவைத்த நேர்மையில் இருக்கிறது.