மூச்சே மூலதனமாக வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மேளம் இல்லாத ஆலயத் திருவிழாவை எவரும் திருவிழாவாகக் கொள்வதில்லை. சுவாமி வெளிவீதி வலம் வருகையில் முன்னே செல்வது நாதஸ்வரமும் தவிலும்தான். பூங்காவன இரவுகளில் பல கூட்டம் மேளங்களை வரவழைத்து விடியும்வரை சமா வைத்துக் கேட்ட மக்கள் நாம். ஆயினும் அந்தக் குழலை ஊதுகின்றவரின் உடல் படும் பாட்டை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. அதை எண்ணத் தூண்டுகின்ற வாழ்வு, நாதஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானா சாஹிப் அவர்களுடையது.

அவர் 1924ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி ஆந்திர நாட்டில் ஒங்கோல் அருகேயுள்ள கரவடி என்னும் ஊரில் பிறந்தார். தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் வாசித்துவந்த முஸ்லிம் குடும்பம் அவருடையது. ஆலயத்து இசைக் கருவியை முஸ்லிம் குடும்பங்கள் குலத்தொழிலாகக் கொண்டிருந்தமை நம்மவருக்கு வியப்பாக இருக்கலாம். ஆந்திரத்தின் அப்பகுதியில் அது வழமையான ஒன்றே. தந்தையார் காசிம் சாஹிப்பிடம் தொடங்கிய பயிற்சி, பின்னர் சிலகலூரிப்பேட்டை ஆதம் சாஹிப்பிடம் தொடர்ந்தது.

நாதஸ்வரம் எளிதில் வசப்படும் கருவியன்று. ஆச்சா மரத்தில் கடைந்த நீண்ட உலவு, அடியில் அணசு, நுனியில் சீவாளி என அமைப்பு எளிமையானதுதான். ஆனால் விரல் வைக்கும் துளைகள் ஏழே. அவற்றுக்கு இடைப்பட்ட சுரங்களையும் கமகங்களையும் உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சின் அளவாலும் பிறப்பிக்க வேண்டும். சீவாளியோ எச்சிலின் ஈரத்துக்கும் காற்றின் வெப்பத்துக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். நன்றாகப் பேசிய சீவாளி அடுத்த நாழிகையிலேயே மக்கர் செய்யும். ஆகவேதான் வித்துவான்கள் கருவியோடு சேர்த்து மாற்றுச் சீவாளிகளையும் கட்டித் தொங்கவிட்டிருப்பர்.

மேலைத்தேய வாத்தியக் குழுவில் ஹோர்ன் வாசிப்பவரின் தொழிலும் மிகக் கடினமானதே. ஏறத்தாழ பன்னிரண்டு அடி நீளக் குழாயை உதட்டால் ஆள வேண்டியவர் அவர். எனினும் அவருக்கு ஓர் ஆசனம் உண்டு. மற்றவர்கள் வாசிக்கையில் ஓய்வும் உண்டு. நம் நாதஸ்வரக் கலைஞரோ நின்றும் நடந்தும், வெயிலிலும் பனியிலும் ஊதுகிறார். புறப்பாட்டுக்கு மல்லாரி, வீதியில் இராக ஆலாபனை, திரும்பி வந்தபின் ஊஞ்சலும் லாலியும் என்று இரவு கழியும். திருவிழாக்களும் முகூர்த்தங்களும் மிகுந்த மாதங்களில் உறக்கமில்லை. அவை இல்லாத மாதங்களில் வருமானமில்லை. இதுதான் அக்குடும்பங்களின் ஆண்டுக் கணக்கு.

இத்தகைய தொழிலில் ஆந்திரத்தில் பெயரெடுத்துவிட்ட ஒருவர், மீண்டும் மாணவராவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளையின் இசையில் மனத்தைப் பறிகொடுத்த சின்ன மௌலானா, தஞ்சாவூர் பாணியைக் கற்கவென்று நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களை நாடிச் சென்றார். பாணியை மாற்றுவதென்பது ஊதுகருவிக் கலைஞருக்குச் சிறு காரியமன்று. பல்லாண்டுகளாக உதடும் மூச்சும் பழகிய பழக்கத்தை உடைத்து மீண்டும் கட்ட வேண்டும். இதனையே அவரது வாழ்வின் பெருஞ்செயலாக நாம் கருதுகிறோம். பின்னாளில் வந்த பட்டங்கள் எல்லாம் இதற்கு அடுத்தவையே. 1960ஆம் ஆண்டில் தமிழகத்தில் முதன்முதலாக வாசித்தவர், பிறகு ஸ்ரீரங்கத்திலேயே குடியமர்ந்தார்.

இராமேஸ்வரம் – தலைமன்னார் கப்பல் ஓடிய காலத்தில் தமிழகத்து வித்துவான்கள் பலர் இலங்கை வந்து வாசித்தனர். சின்ன மௌலானாவும் அவ்வாறு வந்தவரே. நமது அளவெட்டித் தவில் மேதை தட்சணாமூர்த்தி அவருக்குப் பக்கபலமாகத் தவில் வாசித்தவர். 1933இல் பிறந்து 1975இல், நாற்பத்தொரு வயதிலேயே மறைந்துவிட்ட தட்சணாமூர்த்தியின் பெயரைச் சொல்லும்போது குடாநாட்டு இரசிகர்கள் இன்றும் குரலைத் தாழ்த்திக்கொள்வதுண்டு. ஒரு முஸ்லிமின் நாதஸ்வரத்துக்கு ஒரு சைவரின் தவில் என்று அன்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை. இராகம் நின்று பேசியதா, தாளம் தவறாமல் நடந்ததா என்பதே கேள்வியாக இருந்தது.

அப்படிக் கேட்டிருந்த இதே மண்ணிலிருந்துதான் 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர் என்பதையும் இங்கே எழுதாமல் விட முடியவில்லை. அந்த ஆண்டில் சின்ன மௌலானா ஸ்ரீரங்கத்தில், அரங்கநாதர் கோயிலைச் சூழ்ந்த ஊரில், இஸ்லாமியராகவே வாழ்ந்துகொண்டிருந்தார். அரங்கனிடம் அவர் கொண்டிருந்த பக்தி எல்லோரும் அறிந்தது. தன் மார்க்கத்தை விட்டுவிடும்படி அந்தப் பக்தி அவரைக் கேட்கவுமில்லை, அவர் விடவுமில்லை. இந்த இரண்டையும் ஒருவர் எப்படி ஒருசேரக் கொள்ள முடியும் என்று இரு தரப்பிலும் ஐயுறுவோர் இருப்பர். வடக்கே காசியில் பிஸ்மில்லா கான் ஷெனாயோடு வாழ்ந்த வாழ்வையும் அவர்கள் சேர்த்து எண்ணிப் பார்ப்பது நன்று.

1977இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1982இல் ஸ்ரீரங்கத்தில் சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமத்தை நிறுவி, தாம் அலைந்து தேடிப் பெற்ற பாணியைப் பிறருக்குக் கற்பித்தார். தம் பேரர்களான காசிம், பாபு ஆகியோரையும் அவரே பயிற்றினார். சென்னை மியூசிக் அக்கடமியின் சங்கீத கலாநிதி விருது 1998இல்தான் அவரை வந்தடைந்தது. ஊதுகின்றவரின் மூச்சு ஓயும் வயதில் அது வந்தது என்பதே நமது மனக்குறை. 1999 ஏப்ரல் 13ஆம் திகதி, எழுபத்து நான்காவது வயதில் அவர் மறைந்தார்.

அவரிடம் ஸ்ரீரங்கத்தில் பயின்ற காலீஷாபீ, மகபூப் சுபானி தம்பதியர் 2021இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தெரிவாகினர். அவர்களும் ஆந்திரத்து முஸ்லிம் நாதஸ்வரக் குடும்பத்தினரே.