கோயம்புத்தூர்க் கரும்பும் ஸர் டி. எஸ். வேங்கடராமனும்

பெரியபாளையத்தைச் சுற்றிக் கரும்பு பயிரிடுவோர் விதைக்கரணை வாங்குங்கால் கோ 86032 என எண்ணைச் சொல்லிக் கேட்பது வழக்கம். அந்தக் 'கோ' என்னும் எழுத்து எதனைக் குறிக்கின்றது என்று வினவுவார் அரியர். அது கோயம்புத்தூரைக் குறிப்பது. அவ்வெழுத்தைக் கடல் கடந்தும் பரவச் செய்த பெரியார் ஒருவரின் வரலாற்றை நம் சங்கத்துப் பிள்ளைகள் அறிதல் வேண்டுமென்று இதனை எழுதலானோம்.

ஸ்ரீமான் வேங்கடராமன் 1884-ம் ஆண்டு சேலத்தில் பிறந்தவர். 1912-ல் கோயம்புத்தூரில் அரசாங்கத்தார் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினபோது, அதன் தலைவராயிருந்த டாக்டர் பார்பர் துரைக்கு உதவியாளராக அமர்ந்தார். அக்காலத்தில் வடநாட்டுக் கரும்பு மூங்கிற்குச்சி போல் மெலிந்திருக்கும், விளைவும் சொற்பம். நம் தென்னாட்டுத் தடித்த கரும்போ அங்குள்ள பனியையும் வறட்சியையும் தாங்காது. தேசத்தார்க்குப் போதிய சர்க்கரை இங்கு விளையாமையால் ஜாவாத் தீவுச் சர்க்கரை கப்பல் கப்பலாக வந்திறங்கியது. நம் பணமும் அவ்வழியே போயிற்று.

கரும்பைக் கரணையால் நடுதலே குடியானவர் அறிந்த முறை. கரணையால் பிறக்கும் பயிர் தாயைப் போன்றே இருக்குமாதலின் புது இனம் வேண்டுவோர் பூவையும் விதையையுமே நாட வேண்டும். வடநாட்டில் கரும்பு செவ்வனே பூப்பதில்லை, கோயம்புத்தூரில் பூக்கும். ஆதலின் அவ்வூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கே தென்னாட்டு வெள்ளைக் கரும்பை, ஆற்றங்கரையில் தானே முளைக்கும் பேய்க்கரும்புடன் கலந்தனர். ஒருவரும் ஒரு பொருட்டாக எண்ணாத அக்காட்டுப்புல்லின் வலிமையே கரும்புக்கு உயிர் தந்தது. அதிற் பிறந்த கோ 205 என்பது 1918-ல் பஞ்சாபுக்கு வழங்கப்பட்டு, அவ்விடத்து நாட்டுக்கரும்பினும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விளைந்தது. இப்பெருமையில் பார்பர் துரைக்கும் பங்குண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று.

துரையவர்கள் விலகிய பின் நிலையத்தின் பொறுப்பு 1919 முதல் வேங்கடராமனாரிடம் வந்தது. ஆயிரக்கணக்கான நாற்றுக்களை வளர்த்து, ஒன்றிரண்டை மட்டும் கொண்டு ஏனையவற்றைக் கழிப்பது எத்துணைப் பொறுமை வேண்டும் வேலை! ஜாவாவின் புகழ் பெற்ற கரும்பொன்றையே தாயாகக் கொண்டு கோ 419, கோ 421 என்பவற்றையும் உண்டாக்கினார். நம் சந்தையை வென்ற தீவின் கரும்பே நமக்குத் துணையானது வேடிக்கையன்றோ! சோளத்தோடும் மூங்கிலோடும் கூடக் கரும்பை இணைத்துப் பார்த்தார். மூங்கிலால் குடியானவர்க்குப் பயன் விளைந்திலது.

1932-ல் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சுமார் 30 ஆக இருந்த ஆலைகள் சில ஆண்டுகளில் 130-க்கு மேலாயின. சட்டம் மட்டும் இருந்து கரும்பு இல்லாதிருப்பின் அவ்வாலைகள் எதை அரைத்திருக்கும்? எனினும் சோதனை வந்தே தீர்ந்தது. ஐக்கிய மாகாணத்திலும் பீஹாரிலும் பரவியிருந்த கோ 213 என்னும் கரும்பு 1930-களின் இறுதியில் செவ்வழுகல் நோயால் அழிந்தது. எந்த இனமும் என்றும் நிலைப்பதன்று என்பதைக் குடியானவர் அப்போது கண்டனர்.

1937-ல் ஹைதராபாதில் கூடிய இந்திய ஸயன்ஸ் காங்கிரஸுக்கு இவர் தலைமை வகித்தார். பேசுதற்கு எடுத்துக்கொண்ட பொருள் கரும்பன்று, இந்தியக் கிராமம். 1942-ல் ஓய்வு பெற்றார். ஸர் பட்டமும் பெற்றார். சுதந்தர இந்தியா 1956-ல் பத்மபூஷண் விருதளித்தது.

இனிக் கிழக்கு ஆப்பிரிக்காவை நோக்குவோம். அங்குச் சர்க்கரைத் தொழிலில் முன்னின்றவர் பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து சென்ற வணிகர். கென்யாவில் கிஸுமு நகர்க்கருகே மிவானியில் 1922-லும், உகாண்டாவில் லுகாஸியில் 1924-லும் ஆலைகள் எழுந்தன. பின்னையதை நிறுவியவர் குஜராத்தியரான நான்ஜி காளிதாஸ் மேத்தா. கென்யாவின் மேற்கு வட்டாரத்தில் நெடுங்காலம் மிகுதியாகப் பயிரானது கோ 421. இங்கே ஓராண்டில் முற்றும் கரும்பு அம்மேட்டு நிலத்தில் 18 முதல் 24 மாதம் நிற்க வேண்டும். அத்துணை மாதம் முதலீட்டை மண்ணில் போட்டுக் காத்திருக்கும் குடியானவனுக்குப் பயிர் பொய்த்தல் ஆகாது.

ஸர் வேங்கடராமன் 1963-ல் காலமானார். தாம் உண்டாக்கிய இனம் ஒன்றுக்கேனும் தம் பெயரை இட்டாரில்லை; யாவும் ஊரின் பெயராலேயே வழங்குகின்றன. கென்யா சுதந்தரமடைந்தபின் முஹொரோனியில் புது ஆலை 1966-ல் தொடங்கிற்று. அவ்வட்டார வயல்களில் அப்போதும் நின்றது கோ 421.